எதுவும் அழிவதில்லை என்று சொன்னவள்

அம்மா மறுபடியும் அதைப் போடுகிறாள். பாயில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு, போனைக் காதோரம் வைத்து, நான் இரண்டடி தள்ளி நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே என் குரலை அந்தக் கருவிக்குள்ளிருந்து கேட்கிறாள். தகரத்தில் உரசி வருவதுபோல ஒரு குரல். சந்தேகமே இல்லாத குரல். எதுவும் அழிவதில்லை, உள்ளே விழுந்த ஒவ்வொன்றைப் பற்றிய செய்தியும் அதன் விளிம்பில் எழுதப்பட்டிருக்கும். அங்கே நிறுத்துகிறாள். விரலால் பின்னுக்கு இழுக்கிறாள். அம்மாவுக்கு எழுத்து தெரியாது, ஆனால் அந்தச் சிவப்புக் கோட்டில் எந்த இடத்தில் விரலை வைத்தால் நான் அதைச் சொல்வேன் என்று தெரியும். சொல்லி முடித்ததும் நான் லேசாகச் சிரிப்பேன், அந்தச் சிரிப்பையும் கேட்கிறாள். பேட்டிக்காக உதட்டில் சாயம் பூசிவிட்டிருந்தார்கள். நீலப் புடவை. கருந்துளைகளைப் பற்றி ஆராயும் தமிழ்ப்பெண் என்று கீழே ஓடியது. அந்தப் பெண்ணுக்குக் கடலில் போன தம்பி ஒருவன் இருப்பதாக அவள் முகத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. "அம்மா, கொஞ்சம் நிறுத்தேன்" என்றேன். "கேட்டா என்னட்டி? எனக்க மவ பேசுகா, நான் கேக்கேன்" என்றாள், என் பக்கம் திரும்பாமலே.

சமையலறையில் ராணி கழுவிய பாத்திரத்தையே மறுபடியும் கழுவுகிறாள். தண்ணீர் விழும் ஓசையை வைத்து அது காலிப் பாத்திரம் என்று தெரிகிறது. அவள்தான் போனவாரம் கூப்பிட்டாள். "மைனி, நீங்க வந்து சொன்னாத்தான் மாமி கேப்பாவ. சாமியாரு சொல்லிப் பாத்தாச்சி, சிஸ்டர்மாரு சொல்லிப் பாத்தாச்சி. பெனதெத்து சொல்லட்டும்ண்ணு ஒரே பேச்சி." பெனதெத்து நான்தான். ராணி என் தம்பி ததேயுவின் மனைவி. கல்யாணமாகி ஒரு மழைக்காலம்கூட முழுதாக அவனோடு இருந்ததில்லை, நாள்கணக்கில் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கிற தங்கல் தொழிலுக்குப் போகிறவன் கரையில் இருக்கிற நாட்களே குறைவு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்தப் புயலில் அவன் போன விசைப்படகு திரும்பவில்லை. படகில் இருந்த ஒருவரும் திரும்பவில்லை. தேடிப்போனவர்கள் எண்ணெய்க் கேன் ஒன்றைக் கொண்டுவந்தார்கள், அது எந்தப் படகுடையது என்றுகூட யாருக்கும் நிச்சயமில்லை. மற்ற வீட்டார் ஒவ்வொருவராகப் பூசை வைத்து, உடல் இல்லாமலே கல்லறைத் தோட்டத்தில் சிலுவை நட்டுவிட்டார்கள். எங்கள் வீடுதான் பாக்கி. அம்மா சம்மதித்தால் இன்று மாலைப் பூசை முடிந்ததும் வருகிறேன் என்று சாமியார் சொல்லியிருக்கிறார். ராணி நர்சிங் படித்தவள், கோயம்புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை தயாராக இருக்கிறது. அம்மா விட மாட்டேன் என்கிறாள். அவன் வந்து கதவைத் தட்டும்போது பொண்டாட்டி வீட்டில் இல்லையென்றால் அவன் என்ன நினைப்பான். தினமும் காலையில் ராணியின் தலையைப் பிடித்து வாரி, பூ வாங்கி வைத்துவிடுகிறாளாம். ராணி குனிந்து உட்கார்ந்திருப்பாளாம். அந்தச் சித்திரம் ரயிலில் முழுக்க என் கண்ணில் நின்றது. முப்பது வயதுகூட ஆகாத ஒரு கழுத்து, குனிந்தபடி.

சொல்லத்தான் வந்திருக்கிறேன். எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. அம்மா, நான் சொன்னது வேறு. நான் சொன்னது ஒரு கணக்கு. ஒரு அறைக்குள் எவ்வளவு செய்தியை அடைக்க முடியும் என்று கேட்டால் எல்லோரும் அறையின் கொள்ளளவைத்தான் நினைப்பார்கள், பெரிய அறை, நிறையப் புத்தகம். ஆனால் அடைத்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் அந்தப் பாரமே தனக்குள் இடிந்து கருந்துளையாகிவிடும், அப்போது அது கொண்டிருக்கிற செய்தியின் அளவு அதன் மேல்பரப்புக்குத்தான் பொருந்திவருகிறது, உள்ளிடத்துக்கு அல்ல. அதனால் உள்ளே நடப்பதெல்லாம் சுவரில் எழுதியிருப்பதன் இன்னொரு வடிவமாக இருக்கலாம். நீளம் அகலம் ஆழம் என்று நாம் நினைக்கிற இந்த உலகத்தில் ஆழம் என்பது எழுதப்பட்டதிலிருந்து எழுகிற தோற்றமாக இருக்கலாம். இருக்கலாம். எத்தனை இருக்கலாம். முதன்முதலாக இதைப் படித்தபோது எனக்கு வியப்பே வரவில்லை, இது எனக்குத் தெரியுமே என்றிருந்தது. அலையைத் தடுக்கிற தூண்டில் வளைவுக்கென்று கடலுக்குள் கொட்டிய பாறைகளுக்கு நடுவே தண்ணீர் தேங்கி நிற்கிற ஓர் இடம், ததேயு அதில் முங்குவான். நான் மேலே பாறையில் குந்தியிருப்பேன், பாவாடையை முழங்காலில் இறுக்கிக்கொண்டு. அவன் முங்கினதும் தண்ணீர் மூடிக்கொள்ளும். அந்த மேல்பரப்பைத்தான் நான் பார்த்துக்கொண்டிருப்பேன், வேறென்ன இருக்கிறது பார்க்க. ஒரு குமிழி, ஒரு சுருக்கம், வெயில் விழுகிற இடத்தில் ஒரு சின்ன நடுக்கம், அதை வைத்து இப்போது இங்கே இருக்கிறான், இப்போது பெரிய பாறைக்கடியில், இப்போது திரும்புகிறான் என்று எனக்குள் சொல்லிக்கொள்வேன். சரியாகத்தான் இருக்கும். சில சமயம் ஒன்றுமே இருக்காது. தண்ணீர் கண்ணாடிபோலக் கிடக்கும். அப்போது அம்மாவிடம் என்ன சொல்வேன், அம்மாவிடம் என்ன சொல்வேன் என்று மனசு அதையே சொல்லிக்கொண்டிருக்கும், அப்புறம் நான் எதிர்பார்க்காத ஒரு மூலையில் தலை கிளம்பும், மூக்கிலிருந்து நீர் ஒழுக, "எக்கா, பயந்துட்டியா" என்பான். இல்லை என்பேன். அன்றைக்கே பழகிவிட்டது இல்லை என்று சொல்ல.

சென்னைக்கு அவன் ஒரே தடவைதான் வந்தான். என் அறையில் கரும்பலகை முழுக்க எழுதியிருந்ததைக் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தான். "எக்கா, உள்ளத சொல்லு, ஒனக்க வேலைதான் என்னது?" படகில் எக்கோ சவுண்டர் இருக்கிறதல்லவா, அடியில் இருப்பதைத் தட்டையான திரையில் காட்டுவது, அதுபோல என்றேன். "இதுல மீன் கெடைக்குமா?" என்றான். கிடைக்காது என்றேன். "பின்ன ஆரு ஒனக்கு சம்பளம் தாறா" என்று கேட்டுவிட்டு அவனே சிரித்தான். போகும்போது என் செருப்பு வார் அறுந்திருந்ததைப் பார்த்து, வலை நரம்பால் தைத்துக் கொடுத்துவிட்டுப் போனான். புயல் செய்தி வந்த மறுநாள் நான் கரும்பலகைக்குப் போனேன். அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்புறம்தான் விடுப்பு எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்தேன், கரையில் நின்றேன், ஊரே கோயில் முன்னால் உட்கார்ந்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தது, நான் கலெக்டர் ஆபீசுக்கும் கடலோரக் காவல் அலுவலகத்துக்கும் போன் போட்டுக்கொண்டிருந்தேன், ஆங்கிலத்தில் பேசத் தெரிந்தவள் நான்தானே, பிறகு திரும்பிப் போய்ச் சமன்பாட்டில் உட்கார்ந்தேன். அந்த வாரங்களில் எழுதியதுதான் என் பெயரை வெளியே கொண்டுவந்த கட்டுரை. பெரிய மனத்திடம் என்றார்கள். திடமா அது? ஒவ்வொரு வரியிலும் நான் ஒன்றைத்தான் சரிபார்த்துக்கொண்டிருந்தேன், தொலைகிறதா, தொலையவில்லையா. தொலையவில்லை என்று வந்தது. வந்ததும் பேனாவை வைத்துவிட்டு நன்றாகத் தூங்கினேன். அப்புறம் அந்தப் பேட்டி. அப்ப உள்ள விழுந்ததெல்லாம் அழிஞ்சே போயிடுமா மேடம் என்று பேட்டி எடுத்த பெண் கேட்டபோது நான் காமிராவைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்துக்கொண்டு எதுவும் அழிவதில்லை என்றேன். அதன் பிறகு நீளமாக இன்னொன்றும் சொன்னேன். இதெல்லாம் விளிம்பு உள்ள, பெட்டிபோன்ற மாதிரிப் பிரபஞ்சங்களில்தான் தெளிவாகக் காட்டப்பட்டிருக்கிறது, நம்முடைய பிரபஞ்சம் விரிந்துகொண்டே போகிறது, அதற்கு அப்படியொரு விளிம்பு உண்டா என்று யாருக்கும் தெரியாது. அதை வெட்டிவிட்டார்கள். வெட்டியதைப் பார்த்து எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

அம்மாவின் முதுகு ஏறி இறங்குகிறது. தூங்கவில்லை. எழுப்பலாமா, இப்போதே சொல்லிவிடலாமா, கோயிலில் பூசை முடிந்து மணி அடிக்கட்டுமே. மணி அடித்தால் ராணி வந்து வாசலில் நிற்பாள். வார்த்தையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். காலமாகிவிட்டான். இல்லாமல் போய்விட்டான். கர்த்தரிடம் போய்விட்டான். எல்லாம் அடுத்த வீட்டுக்காரர்கள் சொல்கிற வார்த்தைகள். கருந்துளைக்குள் விழுகிறவனைப் பற்றி மாணவர்களுக்குச் சொல்லும்போது எல்லோருக்கும் பிடித்த இடம் ஒன்று உண்டு. விழுகிறவன் அந்த எல்லையைத் தாண்டும்போது அவனுக்கு விசேஷமாக எதுவும் தெரியாது, தாண்டிவிடுவான், அவ்வளவுதான். ஆனால் தூரத்தில் நின்று பார்க்கிறவளுக்கு அவன் எல்லையை நெருங்க நெருங்க மெதுவாகிக்கொண்டே போவான், அவனிடமிருந்து வருகிற ஒளி சிவந்து மங்கிக்கொண்டே போகும், அவன் தாண்டுவதை மட்டும் அவள் ஒருநாளும் பார்க்க மாட்டாள். அவளைப் பொறுத்தவரை அவன் விழுந்து முடிப்பதே இல்லை. வகுப்பில் அவள் என்று சொல்ல மாட்டேன், பார்வையாளர் என்பேன். பார்வையாளர் இப்போது பாயில் படுத்திருக்கிறார், போனைக் காதில் வைத்துக்கொண்டு. ஆனால் ததேயுவுக்கு எதுவும் தெரியாமலா இருந்திருக்கும்? அலை படகின் மேல் வந்து நின்றபோது? அவன் நல்ல நீச்சல்காரன், அதுதான் என்னைத் தின்கிறது, நீந்தத் தெரியாதவன் என்றால் சீக்கிரம் முடிந்திருக்கும், இவன் எவ்வளவு நேரம், இருட்டில், எந்தப் பக்கம் கரை என்று தெரியாமல், எவ்வளவு நேரம். இந்த இடத்துக்கு வந்ததும் மனசு முட்டிக்கொண்டு திரும்பிவிடும். ஒவ்வொரு தடவையும். திரும்பிக் கணக்குக்கு ஓடிவிடும். கணக்கில் இருட்டு இல்லை, உப்பு இல்லை.

மின்விசிறி ஓய்ந்து நின்றது. கரண்ட் போய்விட்டது. அதன் இரைச்சல் அடங்கியதும் கடல் வீட்டுக்குள் வந்துவிட்டதுபோலக் கேட்டது. சமையலறையில் ராணி குழாயை மூடிவிட்டாள். அம்மா எழுந்து உட்கார்ந்து, சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தாள்.

"பெனி."

"என்னம்மா."

"விளிம்புல எழுதியிருக்குண்ணு சொல்லுகியே. நீ அத வாசிப்பியா?"

இப்படிக் கேட்பாள் என்று நான் நினைக்கவே இல்லை. வருவானா என்று கேட்பாள், இருக்கிறானா என்று கேட்பாள் என்றுதான் நினைத்திருந்தேன்.

"முடியாதும்மா."

"ஒனக்கு முடியாதா, ஆருக்கும் முடியாதா?"

கொள்கையளவில் என்று ஒரு சொல் இருக்கிறது. கருத்தரங்குகளில் அதைச் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவோம். கொள்கையளவில், சிதறிப்போன ஒவ்வொரு துளி ஒளியையும் ஒன்றுவிடாமல் சேகரித்து, பிரபஞ்சத்தின் வயதைவிடப் பலமடங்கு காலம் உட்கார்ந்து கணக்குப் போட்டால். அப்படி வாசித்தாலும் கிடைப்பது அவனைப் பற்றியதாக இருக்கும், அவனாக இருக்காது. வலை நரம்பால் என் செருப்பைத் தைத்த விரல்கள் அதில் இருக்காது. அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்தது. அம்மாவின் கண்களைப் பார்த்தேன், புரை விழத் தொடங்கியிருந்தது. இதை எப்போது கவனிக்காமல் விட்டேன்.

"ஆருக்கும் முடியாதும்மா."

"பின்ன அவன் எங்க?"

"செத்துட்டான்மா" என்றேன். "அண்ணைக்கே செத்துட்டான். படகு கவுந்த அண்ணைக்கே." சொன்ன பிறகுதான் தெரிந்தது, இந்த இரண்டு வருஷத்தில் இந்த வார்த்தையை நான் யாரிடமும், எனக்குள்கூட, சொன்னதில்லை.

அம்மா அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. கத்தவுமில்லை. போனை எடுத்துப் பாயின் அடியில் சொருகினாள். பிறகு மெதுவாக, எனக்கு எதையோ விளக்குகிறவளைப்போல, சொன்னாள். "ஊரே அழுதுது மக்களே. ராணி அழுதா, எனக்க தங்கச்சி மயங்கி விழுந்தா. நீ மட்டும் அழல்ல. கரைல நிண்ணு போன்ல பேசிட்டிருந்த. நான் ஒன்னத்தான் பாத்துட்டிருந்தேன். இவ படிச்சவ, இவளுக்கு என்னமோ தெரிஞ்சிருக்கு, அதான் அழல்லண்ணு நெனச்சேன். அவன் இருக்காம்ண்ணு எனக்குச் சொன்னது போன்ல உள்ள பேச்சில்ல. ஒனக்க மொகம்." சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். "நீங்க போங்க. சாமியாரு காத்துட்டிருப்பாரு. நான் வரல்ல."

என் முகமா. நடக்கும்போதும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். கோயில் சுவர், ஐஸ் பெட்டிகள், காயப்போட்ட வலை, எல்லாம் பக்கத்தில் வந்து பின்னால் போயின. நான் மேலே எதையும் காட்டாமல் உள்ளே வைத்திருந்தேன். அம்மா மேலே இருந்ததை வாசித்திருக்கிறாள், இரண்டு வருஷமாக, ஒவ்வொரு நாளும், தப்பாக. வேறு என்ன இருந்தது அவளுக்கு வாசிக்க. ராணி பக்கத்தில் வந்தாள். தலையில் பூ இல்லை. கல்லறைத் தோட்டம் கடலுக்கு மிக அருகில், மணலில் சிலுவைகள் வரிசையாக, எல்லாம் ஒரே மாதிரி, புயலில் போனவர்களுக்கென்று தனியாக ஒதுக்கிய இடம். அந்த வரிசையின் கடைசியில் ஒரு சிறிய குழி. சாமியார் இளைஞர், காற்று அவருடைய புத்தகத்தின் தாள்களைப் புரட்டிக்கொண்டே இருந்தது. இறந்தவர் பெயரைச் சொல்லுங்கள் என்றார். ராணி என்னைப் பார்த்தாள். ததேயு என்றேன். முழுப்பெயர் என்றார். மரிய ததேயு என்றேன், என் காதிலேயே அது யாரோ ஒருவரின் பெயர்போல விழுந்தது, ஞானஸ்நானத்துக்கும் கல்யாணத்துக்கும் பிறகு இன்றுதான் அந்தப் பெயரை முழுதாக யாராவது சத்தமாகச் சொல்லியிருப்பார்கள். கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை சிலுவையைக் குழியில் இறக்கினார். எல்லோரும் கைப்பிடி மண் போட வேண்டும். நான் குனிந்து மணலை அள்ளினேன். ஈரம். குளிர்ந்திருந்தது. விரலிடுக்கில் ஒட்டிக்கொண்டது. அதுதான், அந்த ஈரம்தான். எங்கிருந்தோ ஒரு சத்தம் வந்தது, மாடு கத்துவதுபோல, அது என்னிடமிருந்துதான் வருகிறது என்று புரிவதற்குள் முழங்கால் மண்ணில் பட்டிருந்தது. மனசு அந்த இருட்டான இடத்துக்கு ஓடியது, இந்த முறை முட்டித் திரும்பவில்லை, நேராக உள்ளே போனது, தண்ணீருக்குள், அவனிடம். ராணி என் முதுகில் கையை வைத்துக்கொண்டிருந்தாள். நர்சின் கை. அழுத்தவுமில்லை, தடவவுமில்லை, வைத்திருந்தாள். "அழுங்க மைனி" என்றாள். "நல்லா அழுங்க."

நாங்கள் வீட்டுக்குத் திரும்பியபோது வெளிச்சம் இன்னும் இருந்தது, மேற்கே கடல்மேல் செம்மண் நிறத்தில். கரண்ட் வந்திருந்தது. அம்மா வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். என் முகத்தை ஏறிட்டுப் பார்த்தாள், வீங்கிய கண்ணை, மூக்கை, நெற்றியில் ஒட்டியிருந்த மணலை. நீண்ட நேரம் பார்த்தாள். கையை நீட்டி அந்த மணலைத் தட்டிவிட்டாள்.

"சிலுவைய எங்க பாத்து வச்சாவ?"

"கடலப் பாத்தும்மா. அந்த வரிசைல எல்லாருக்கும் அப்பிடித்தான்."

"கடலப் பாத்தது போதும் அவன்" என்றாள் அம்மா. "வீட்டப் பாத்துத் திருப்பி வைக்கணும்."

"நாளைக்குக் கோயில்பிள்ளைகிட்ட சொல்லுகேன்."

"நாளைக்கு மண்ணு எறுகிப் போவும்." அவள் நிலையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். ராணி எதுவும் கேட்காமல் பின்கட்டுக்குப் போய் மண்வெட்டியை எடுத்துவந்தாள். மூன்று பேரும் நடந்தோம். அம்மா நடுவில், ராணியின் தோளைப் பிடித்தபடி, மணலில் கால் புதையப் புதைய.

"ஒனக்கு எப்பம் கோயம்புத்தூருக்குப் போணும்?" என்று அவளிடம் கேட்டாள்.

ராணி ஒரு நொடி நின்றுவிட்டாள். "அடுத்த மாசம் வரச் சொல்லுகாவ, மாமி."

"குளிரும். கம்பிளி எடுத்துக்க."

"கோயம்புத்தூர்ல அவ்வளவெல்லாம் குளிராது மாமி."

"எடுத்துக்க."

கல்லறைத் தோட்டத்தில் யாரும் இல்லை. நான் மண்வெட்டியால் அடிமண்ணைத் தளர்த்தினேன். அம்மா குனிந்து, சிலுவையின் மேல் கையை வைத்து, பெயர் எழுதியிருந்த இடத்தை விரலால் தடவினாள். வாசிக்கத் தெரியாதவள், ஒவ்வொரு எழுத்தாகத் தடவினாள். பிறகு நாங்கள் மூவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தோம். நினைத்ததைவிட எளிதாகத் திரும்பியது.